அறை எண் மூன்று

மண்டபம், வடக்குக் கடற்கரை.
தடைக்காலம் முடிந்த நான்காம் நாள்.
போன விசைப்படகெல்லாம் சூடையை அள்ளி வந்துவிட்டன.
மூன்றாம் குளிரறைக் கதவு
பெட்டிகளின் மேல் சாய்ந்து நிற்கிறது,
மூடவில்லை.

நான் இங்கே கணக்கெழுதும் கமருதீன்.
இடுப்பு நூற்றியெட்டு சென்டிமீட்டர்.
நெஞ்சுவலி எனக்குத்தான் வருமென்று
ஐஸ் உடைக்கும் பையன்கள் பந்தயமே கட்டியிருந்தார்கள்.
விழுந்தது ராயப்பன்.
எடைத்தட்டின் மேல்.
குச்சிக் கால், குச்சிக் கை,
சட்டைக்குள் ஒளித்த தேங்காய் போல
சின்னதாய் ஒரு தொப்பை.

"கொழுப்பை வைக்க இவர் உடம்பில் இடம் போதவில்லை"
என்றார் ராமநாதபுரம் டாக்டரம்மா.
அதோடு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.
மீதியை ஆஸ்பத்திரி பெஞ்சில்
இரண்டு இரவு போனில் படித்தேன்.
கிடங்குக்காரனுக்குக் கிடங்கு புரியாதா?

கொழுப்பணு கெட்டதில்லை.
மிஞ்சியதை வாங்கிப் பூட்டும்,
பட்டினி நாளில் எண்ணிக் கொடுக்கும்.
திணிக்கத் திணிக்க வீங்கும்.
வீங்கியதன் நடுவுக்குக் காற்று எட்டாது,
எங்கள் நடுப்பெட்டிக்குக் குளிர் எட்டாதது போல.
அங்கே ஓர் அணு சாகும்.
அள்ளிப்போக வந்த வெள்ளணுக்கள்
பிணத்தைச் சுற்றி வளையமாய் உட்கார்ந்து
அடுப்பு மூட்டும்,
எழுந்து போகாது.

'போதும்' என்று மூளைக்குச் சீட்டு போகும்.
தினம் நூறு சீட்டு.
நூறு வந்தால் எவன் படிப்பான்?
(முதலாளிக்கு நான் அனுப்பியதும் அப்படித்தான்.)
இரத்தக்குழாயைக் காக்கும் நல்ல சீட்டோ
குறைந்துகொண்டே வரும்.

பிறகு கதவு மூடாது.
சரக்கு வராந்தாவுக்கு வரும்:
ஈரலுக்குள்,
தசைக்குள்,
இதயத்தின் மேல் மஞ்சளாய் ஒரு போர்வை.
ராயப்பனுக்கு அறைகள் சின்னவை, சீக்கிரம் நிறைந்தன.
எனக்கு இன்னும் எத்தனை காலி?
அதற்கு இருப்புப் பதிவேடு கிடையாது.

சாயங்காலம் வார்டிலிருந்து போன்.
"மூணாம் ரூம் மூடியாச்சா?"
"ஆச்சு" என்றேன்.
பொய்.
வைத்ததும் எழுந்தேன்.
நாற்பது பெட்டியை மீன்தூள் கம்பெனி லாரிக்குத் தள்ளினோம்,
கிலோ பன்னிரண்டுக்கு.
எனக்கு மூச்சு வாங்கியது. உட்காரவில்லை.

நஷ்டப் பேரேட்டில் காரணம் என்றொரு கட்டம்.
பதினாறு வருஷமாய் அதில் 'அழுகல்' என்றே எழுதி வந்தேன்.
இன்று 'இடமில்லை' என்று எழுதினேன்.
முதலாளி கேட்பார்.
கேட்கட்டும்.