வழி ஒன்று

காற்று இன்று தொண்ணூறைத் தாண்டும் என்றது வானொலி.
புந்தா அரேனாசில் இதற்கெல்லாம் யாரும்
ஜன்னல் பக்கம்கூடப் போவதில்லை.
துணியை மட்டும் உள்ளே காயப் போடுகிறோம்.

அடுக்களை மேசையில் நாற்பது பாட்டில்,
ருபார்ப் ஜாம். மூடி இறுகியாயிற்று, பெயர் ஒட்டவில்லை.
நாளைக் காலை சந்தை.
ஸ்டிக்கர் மூன்று தாள் இருக்கிறது,
தாளுக்குப் பதினான்கு.
கணக்கு சரி, இரண்டு உபரி.

பிரிண்டர்தான்
'இணைப்பில் இல்லை' என்கிறது,
என் முழங்கை இடிக்கும் தூரத்தில்
உட்கார்ந்துகொண்டு.

அணைத்துப் போட்டேன்.
வயரைப் பிடுங்கி, அறுபது எண்ணிச் சொருகினேன்.
நீல விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது,
கூட்டத்தில் ஆள் தேடுகிறவர் கண்போல.
யாரைத் தேடுகிறது என்று பிடிபட
எனக்கு அரைமணி ஆயிற்று.

எவரிஸ்தோ போகும்போது
ரூட்டரைக் கழற்றிக்கொண்டு போனான்.
"என் பெயரில் வாங்கியது" என்றான். உண்மைதான்.
நாயை விட்டுவிட்டான்,
மின்சார பாக்கியை விட்டுவிட்டான்.
புது ரூட்டர் வந்து ஏழு வாரம்.
போன் பழகிவிட்டது, டிவி பழகிவிட்டது.
இது மட்டும் இன்னும்
'எவரிஸ்தோவின் கோட்டை'யைத் தேடுகிறது.

மேல்மாடி மிலென்கோவைக் கூப்பிட்டேன்.
வாயில் ரொட்டியோடு சொன்னான்:
"சுலபம், நெவென்கா.
புது ரூட்டருக்குப் பழைய பெயரையே வை,
பழைய பாஸ்வேர்டையே போடு.
ஏமாந்து வந்து ஒட்டிக்கொள்ளும்."

என் வீட்டுச் சுவருக்குள் மறுபடி அவன் பெயரா?
ஜாம் அநாமதேயமாகவே விற்கட்டும்.

"அப்படியானால் மறக்கடிக்கணும்.
வைஃபை பொத்தான், ரத்துப் பொத்தான்,
இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடி. பத்து எண்ணு.
ஒன்பதில் விட்டால் ஒன்றும் மறக்காது."

ஒன்பதில் விட்டேன்.
இரண்டாம் தடவை பதினைந்து வரை எண்ணினேன்.

அடுத்தது ரூட்டரின் பொத்தான்.
அது கூடத்தின் கடைசியில்,
கோட்டு மாட்டும் ஆணிக்குக் கீழே.
இரண்டு நிமிஷம்தான் அவகாசம்.
குறுக்கே நாய். தாண்டி ஓடினேன்.
ரூட்டர் இரண்டு அலை அனுப்புமாம்,
வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று.
இதன் காதில் மெதுவானதுதான் விழுமாம்.
வாங்கிய ஆள் மாதிரியே.
விளக்கு நடுங்கியது, இன்னும் நடுங்கியது,
நின்றது.
அசையாத நீலம்.

லேப்டாப் அப்போதும் நம்பவில்லை.
காலி செய்துபோன வீட்டுக்கே கடிதம் போடுவதுபோல்
பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.
அந்த எண்ணை அழித்துப் புதியதை எழுதினேன்.
வரிசையில் முன்னால் நிற்பது என்ன என்று
பார்த்திருக்க வேண்டும்.
பார்க்கவில்லை.

ஸ்டிக்கர் தாள் உள்ளே போனது.
வெளியே வந்தது
போர்வெனிர் படகு டிக்கெட்.
பயணி ஒருவர். வழி ஒன்று.
பிப்ரவரி பதினொன்று.

ஏழு தடவை அமுக்கியிருக்கிறான்.
"இந்த வீட்டில் எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை"
என்று அன்றைக்குக் கத்தினானே,
என்னைத்தான் சொல்கிறான் என்றிருந்தேன்.
ரூட்டரை முதலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு
அப்புறம் பிரிண்டரை அமுக்கியிருக்கிறான், மடையன்.

சிரித்தேன். அழவில்லை என்று சொல்ல மாட்டேன்,
நாய் பார்த்துக்கொண்டிருந்தது.

மிச்சம் ஆறையும் ரத்து செய்தேன்.
இரண்டு தாளில் இருபத்தெட்டு பெயர்.
பன்னிரண்டு பாட்டிலுக்கு இல்லை.
வீணாய்ப்போன தாளைத் திருப்பிப் பார்த்தேன்:
பசை நன்றாகத்தான் இருந்தது,
பதினான்கு துண்டாக வெட்டியும் இருந்தது.

சந்தையில் கம்பளித் தொப்பிக்காரி ஒருத்தி
பாட்டிலைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தாள்.
"'வழி ஒன்று'. இது என்ன ஜாம்?"
"ருபார்ப்தான்" என்றேன். "கொஞ்சம் புளிக்கும்."
எடுத்துக்கொண்டாள்.
பக்கத்தில் இருந்ததையும் எடுத்தாள்,
'அரைமணி முன்னதாக வரவும்'
என்று ஒட்டியிருந்ததை.