இருபது தெத்ரி

திபிலிசியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு கேட்கும்.
உள்ளே உண்டியல் மாதிரி ஒரு பெட்டி.
இருபது தெத்ரி விழுந்தால்தான்
கதவு மூடும், வண்டி ஏறும்.

அந்த வியாழக்கிழமை
நாணயம் விரல் நழுவிற்று.
என் கட்டைவிரலும் சுட்டுவிரலும்
மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத
பங்காளிகள்.
காசு காலடியில் கிடந்தது,
மான் பக்கம் மேலாக.
குனிந்தால் எடுக்கலாம்.
குனிதல் என்கிற வினைச்சொல்
காலை பதினொரு மணிக்கு முன்னால்
என்னிடம் கிடையாது.

மருத்துவர் சியூரி எழுதிக் கொடுத்திருந்தாள்:
தினமும் முப்பது நிமிடம் நடை.
எங்கே என்று எழுதவில்லை.
நடைபாதை முழுக்கக் கார்கள்.
கார் இல்லாத இடத்தில் பனிக்கட்டி.
நீச்சல் குளத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும்,
போய்ச் சேர்ந்தால் பொத்தான் கழற்ற
இன்னொருத்தி வேண்டும்.
திங்கள் இரவு மாத்திரை,
செவ்வாய் முழுக்க அதன் வட்டி,
புதன் அசல்.
அசைந்தால் வலிக்கும்.
அசையாமல் இருந்தாலோ
ராத்திரியோடு ராத்திரியாக
யாரோ மூட்டுக்குள் சிமெண்ட் ஊற்றிவிட்டுப் போகிறார்கள்.

நான் கணக்கு டீச்சர்.
தளத்துக்குப் பதினேழு படி,
ஏழாம் தளத்துக்கு ஆறு ஏற்றம்,
நூற்றிரண்டு.
பெருக்கி முடித்துவிட்டு
முதல் படியையே பார்த்துக்கொண்டு நின்றேன்,
விடை தெரிந்தும் கை தூக்காத பிள்ளை மாதிரி.

பிறகு ஏறினேன்.
வீரம் ஒன்றும் இல்லை,
மாடியில் அடுப்பில் மொச்சை வெந்துகொண்டிருந்தது.
கைப்பிடிக் கம்பியில் விரலுக்குப் பதில் முழங்கையைக் கொடுத்தேன்.
இடது கால் முதலில், வலது கால் அதன் பக்கத்தில்,
ஒரு படிக்கு இரண்டு முறை வந்து சேர்தல்.
இரண்டாம் தளத்தில் ஊறுகாய் ஜாடிகள்.
மூன்றில் ஒரு பூனை,
என்னைவிட மெதுவாக எதுவும் பார்த்ததில்லை என்று
அதன் முகமே சொல்லிற்று.

நான்காம் தளம். ஐம்பத்தொன்று. சரிபாதி.
படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது,
இவ்வளவு தாழ்வில் உட்கார்ந்தால் எழ முடியாது.

ஸௌர் கதவைத் திறந்தான். லாரி ஓட்டுகிறவன்.
'காசு இல்லையா?'
'இருக்கிறது. கீழே கிடக்கிறது.'
சிரித்தான். நானும்.
என் அக்குளில் கை கொடுத்து, மூட்டை ஏற்றிப் பழகிய கை,
ஒரே தூக்கு.
சமையலறை நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டான்.
உயரமானது. ஒரு காலுக்கு அட்டை முட்டுக்கொடுத்தது.

அடுத்த நாளும் நாற்காலி அங்கேயே இருந்தது.
எனக்குக் கோபம் வந்தது.
முழுக் கட்டடத்துக்கும் அறிவிப்பு:
இங்கே ஒரு நோயாளி இளைப்பாறுவாள்.
மூன்று நாள் அதைத் தொடாமல்
சுவரில் சாய்ந்து நின்றேன், பல்லைக் கடித்து.

பிறகு ஒரு நாள் அதில்
மின்கட்டணம் கொண்டுவரும் பெண் உட்கார்ந்திருந்தாள்,
செருப்பைக் கழற்றிவிட்டு.
இன்னொரு நாள் ஆறாம் தளத்துப் பையன்
பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.
ஸௌரே ஒரு சாயங்காலம், கையில் சிகரெட்டோடு,
மனைவிக்குத் தெரியாமல்.
சரி. வரிசையில் நானும் ஒருத்தி.

இப்போது முடிந்த நாளில் ஐம்பத்தொன்று.
மீதிக்கு லிஃப்ட்.
பாதியில் ஏறினாலும் முழு இருபதுதான் வாங்குகிறது பெட்டி.
அநியாயம் என்று கட்டடக் கூட்டத்தில் கத்தினேன்,
நல்ல உடம்புக்காரி மாதிரி.
நூற்றிரண்டு ஒரே ஒரு முறை, ஏப்ரலில்.
அன்று யாரும் இல்லை,
மொச்சையும் இல்லை.

இன்று செவ்வாய்.
படிப்பக்கம் திரும்பவில்லை.
பையில் ஒரு துணிக் கவ்வி வைத்திருக்கிறேன்,
கொடியிலிருந்து எடுத்தது.
அதன் வாயில் நாணயத்தைக் கவ்வக் கொடுத்து
உள்ளங்கையால் தள்ளினேன்.
மான் உள்ளே போயிற்று.
கதவு மூடிற்று.