ஒன்பது மணிப் பொடி

பித்தப்பையை எடுத்த பிறகு
காரைக்குடியிலிருந்து சிங்கம்புணரி வரை
எனக்கு நிறுத்தங்கள் மறந்துபோயின.
கழிப்பறைகள்தான் மனப்பாடம்.
குன்றக்குடியில் பூட்டியிருக்கும், சாவி பூக்காரியிடம்.
பிள்ளையார்பட்டியில் ஐந்து ரூபாய்.
திருப்பத்தூரில் தண்ணீர் வராது.
இடையில் வந்துவிட்டால்
டிரைவர் அடைக்கலம் வண்டியை ஓரங்கட்டி
டயரைப் பார்ப்பதுபோல் குனிவார்.
நான் கருவேலங்காட்டுக்குள் போவேன்,
தோல்பையோடு.
உள்ளே கணக்குக் கொடுக்கவேண்டிய பணம்.

தேக்கிவைக்கப் பையில்லாமல்
பித்தநீர் குடலுக்குள் கொட்டுகிறது என்றார் டாக்டர்.
இந்தப் பொடி அதைக் கட்டிப்போடும்.

கட்டியது.
மூன்றாம் வாரம் ஒரு நடைகூட இறங்கவில்லை.
பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அப்புறம் குளிர் வந்தது.
பங்குனி வெயிலில் ஸ்வெட்டர் போட்ட கண்டக்டரைக்
காவடிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
சில்லறை எண்ணும்போதே தூக்கம்.
விசிலில் பாதிக் காற்று.

செக்காலை ரோடு மருந்துக்கடையில்
ரெஜினா சீட்டை இரண்டு தரம் படித்தாள்.
"தைராய்டு மாத்திரைய எதோட போடுறீங்க?"
"பொடியோடதான். ஒரே டம்ளர், ஒரே மடக்கு."
அவள் சிரிக்கவில்லை.
"அந்தப் பொடிக்கு ஆள் அடையாளம் தெரியாதுண்ணே.
பித்தத்தையும் பிடிக்கும், மாத்திரையையும் பிடிக்கும்,
ரெண்டையும் கூட்டிக்கிட்டு வெளிய போயிரும்."

பாஸ் வைத்திருந்த கிழவரை
நடுரோட்டில் இறக்கிவிட்ட
செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருவரை எனக்குத் தெரியும்.
உடனே விளங்கிற்று.

டாக்டரிடம் கேட்டு நேரம் பிரித்தாயிற்று.
நாலரைக்கு மாத்திரை,
டிப்போ குழாயடியில், வெறும் வயிற்றில்.
அது முதல் வண்டி.
ஒன்பதுக்குப் பொடி, திருப்பத்தூரில்.
வேறெந்த மாத்திரையானாலும்
பொடிக்கு ஒரு மணி நேரம் முன்னால்,
இல்லையென்றால் ஆறு மணி நேரம் போகட்டும்.
உலர்ந்த பொடியை வாயில் கொட்டக்கூடாது,
தொண்டையில் சிமெண்ட் ஆகிவிடும்.
டம்ளர் நிறையத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறேன்.
ஆரஞ்சு வாசனையில் ஆற்றுமணல்.
அடியில் தங்கியதையும் அலசிக் குடிக்கிறேன்.

மலம் இறுகினால், ஈறில் ரத்தம் கசிந்தால்
நீங்களே கூட்டிக் குறைக்காதீங்க, வாங்க என்று
ரெஜினா எழுதிக்கொடுத்தது
டிக்கெட் மெஷின் உறைக்குள் இருக்கிறது.

நேற்று குன்றக்குடி தாண்டி
பட்டுவேட்டிக்காரர் ஒருவர்
கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
நெற்றியெல்லாம் வியர்வை.
டிக்கெட் சிங்கம்புணரிக்கு.
ஒற்றை விசில் கொடுத்தேன்.
அடைக்கலம் இறங்கி
டயரைப் பார்க்கப் போனார்.