பதினான்காவது சிவப்பு

கெண்ட் நகரத்து பையர்
இந்த முறை துணித்துண்டு அனுப்பவில்லை.
ஒரு பழைய ஓவியத்தின் படம்.
மண்டியிட்ட கிழவர், மேலே கம்பளி அங்கி,
அங்கிமேல் ஓர் அம்புக்குறி:
இந்தச் சிவப்பு.

வீரபாண்டிப் பிரிவுச் சாயப்பட்டறை லேபில்
பதின்மூன்று சிவப்பு காய்ச்சிவிட்டேன்.
பதின்மூன்றும் திரும்பி வந்தன.
ஒன்றில் மஞ்சள் தூக்கல்,
ஒன்று செத்துப்போன சிவப்பாம்.
"ட்யூப்லைட்டுல ஒத்துவருதுங்,
வெயிலுக்குக் கொண்டுபோனா வேற ஆளாயிருதுங்"
என்கிறான் கார்வேந்தன்,
பங்காளி ஒருவனைச் சொல்வதுபோல.

இழை எண்ணும் கண்ணாடியைப் படத்தின்மேல் வைத்தேன்.
அச்சுப் புள்ளிகள்தான் தெரிந்தன.
கணினியில் திறந்து, பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி
அங்கிக்குள் இறங்கினேன்.

அங்கே ஒரு சிவப்பு இல்லை.
மடிப்பின் முதுகில் பழுத்த மிளகாய்.
மடிப்புக்குள் ஆறிய ரத்தம்.
தரையில் புரளும் ஓரத்தில்
கல்லின் சாம்பல் ஏறிய ஏதோ ஒன்று,
எங்கள் ஷேடு கார்டில் அதற்கு எண் கிடையாது.
முழங்கையருகே ஒரு கிழிசல், தைத்திருந்தது.
ஏழு குத்து. எண்ணினேன்.

அறுநூறு வருசத்துக்கு முந்தி
ஃப்ளாண்டர்ஸில் ஒருவன் இதை எண்ணியிருக்கிறான்.
துணியால் பிழைத்த ஊராம்.
அங்கேயும் ஆறு நிறம் மாறி ஓடியிருக்கும்.
ஆளிவிதை எண்ணெயில் சாயம் குழைத்து
ஒரு பூச்சு, காயும்வரை பொறுமை,
அதன்மேல் கண்ணாடிபோல் இன்னொன்று.
முந்தியவர்கள் தங்கத்தகடு ஒட்டி
சொர்க்கம் என்று முடித்த இடத்தில்
இவன் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தான்:
பாலம், பாலத்தில் மூட்டையோடு ஒருத்தி.

கிழவரின் பொட்டில் நரம்பு புடைத்திருக்கிறது.
காதுமடலில் மயிர். கண்ணோரம் ஒரு மரு.
காசு கொடுத்தவர் அவர்தான்,
எடுத்துவிடு என்று சொல்லியிருக்கலாம்.
சொன்னாரோ என்னவோ,
மரு இருக்கிறது.

எங்கள் ஆபீசில் மாலைக்குள் இருக்கும்
பெரிய முதலாளிக்கு மெழுகுக் கன்னம்.
அம்மைத் தழும்போடு நடமாடிய மனுசன்.
ஸ்டுடியோக்காரன் ஒரே ராத்திரியில் குணமாக்கிவிட்டான்.

கிழவர் பின்னால் ஒரு பித்தளைக் குடுவை.
அதன் வயிற்றில் வளைந்த அறை,
அறைக்குள் எள்ளளவு ஆள்,
கையில் தூரிகை.

திரும்பி
என் ஸ்டீல் பீக்கரைப் பார்த்தேன்.
ட்யூப்லைட் வாழைப்பழமாய் வளைந்திருந்தது.
வாசலில் கார்வேந்தன், சோற்றுப்போசியோடு.
நடுவில் நான்,
மூக்கு பெருத்து, கையுறையெல்லாம் கறை.
ஜன்னலுக்கு வெளியே நொய்யல் ஒரு கோடு,
இன்றைக்கு என்ன நிறமோ.

'எந்த மடிப்பு?' என்று கெண்டுக்கு எழுதிக் கேட்டேன்.
பதில் ஒரே வரியில் வந்தது:
மடிப்பு வேண்டாம், சட்டைக்கு ஒரு சிவப்பு போதும்,
வெள்ளிக்கிழமைக்குள்.

பதினான்காவது பாஸாகிவிட்டது.
நாற்பதாயிரம் சட்டை,
எந்த வெளிச்சத்திலும் ஒரே முகம்.

ரெசிபி நோட்டில் உப்பும் சோடாவும் எழுதியபின்
ஓரத்தில் எழுதி வைத்தேன்:
முழங்கை, ஏழு குத்து.

கார்வேந்தன் விரலை வைத்துக் கேட்கிறான்,
"இது எந்தப் பார்ட்டியோடதுங்?"