பதினோரு குழி

இந்த வருஷம் உள்ளூரில் ஆறு ஆட்டம்.
ஐந்து தோல்வி, ஒன்று சமம்.
அந்த ஒன்றும், எதிராளி வந்த இரண்டு வேனில் ஒன்று
மாதனூரில் பஞ்சராகி
எட்டுப் பேரோடு அவர்கள் ஆடியதால்.

அரக்கோணம் போய் மூன்று கோல் போட்டுவிட்டு வருகிறார்கள்.
திருப்பத்தூரில் கொட்டுகிற மழையில் ஜெயித்தார்கள்.
பேரணாம்பட்டில், எங்கள் கண்ணெதிரே,
கடன்காரனைப் பார்த்த மாதிரி
பந்தைப் பார்த்து ஒதுங்குகிறார்கள்.

ஆட்டம் முடிந்து டீக்கடை வாசலில் நிற்கிறோம்.
முனவ்வர் பாய் உள்ளங்கையை விரித்துக் கணக்குச் சொல்கிறார்:
கிளப் நம்முடையதாக இருந்தபோது
ஆளுக்கு வாரம் ஐந்து ரூபாய்,
சனிக்கிழமை, சம்பளக் கவர் வீடு சேருவதற்கு முன்பே.
ஒரு பிஸ்கட் டப்பாவில் நூற்றுப் பன்னிரண்டு பேர் பணம்.
"அப்போ தோத்தா நாம தோத்தோம்.
இப்போ தோத்தா அவுரு தோக்குறாரு.
நமக்கு இன்னா வலி?"
என்று கேட்டவரின் டீ
குடிக்கப்படாமல் ஏடு கட்டிக் கிடக்கிறது.

அவுரு என்பது பெரியமேட்டுக்காரர்.
ஒரு ஷூ கம்பெனி, இரண்டு கல்யாண மண்டபம்,
அப்புறம் நாங்கள்.
கடனை அடைத்தார், இல்லையென்று சொல்லவில்லை.
பச்சை ஜெர்சியைப் பழுப்பாக்கினார்,
அவர் கம்பெனி அட்டைப்பெட்டியின் நிறம்.
தூரத்திலிருந்து பார்த்தால்
மண் எது ஆள் எது என்று தெரிவதில்லை.

"அத்தெல்லாம் இல்லபா" என்றான் தில்லிபாபு.
"சேர் போட்டு குந்தினு கீறாரே, அதான்.
பாதிப் பேரு அவுரு கம்பெனிலதான
அடிப்பாகம் ஒட்டுறான்.
மொதலாளி மூஞ்சிக்கி எதிர எவன் ஓடுவான்?"
தையல் பிரிவு லூர்து மேரி,
ஓவர்டைம் போனாலும் போகட்டும் என்று
ஒரு ஆட்டம் விடாதவள்,
கோல்கீப்பரைத் திட்டினாள். அவன் அவள் தம்பி.

அப்போது ஜலபதி வந்தான்,
கணுக்காலில் ஐஸ் வைத்துக் கட்டிய பாலிதீன் பையோடு.
யாரும் இடம் விடவில்லை. அவனும் கேட்கவில்லை.
டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு
டம்ளரின் ஈர அடியைப் பெஞ்சின்மேல்
வட்டம் வட்டமாக ஒற்றினான்.
பதினொன்று.

"மே மாசம் பொருட்காட்சிக்கு வுட்டாரில்ல கிரவுண்ட?
இது ராட்டினம் நட்டது. இது மரணக்கிணறு.
இது டெல்லி அப்பளக் கடை.
மேல மண்ணு தூவிக்கிறாங்க, உள்ள புசுக்குனு கீது.
வெளியூர்க்காரனுக்குத் தெரியாது, ஓடுறான்.
தெரியாத காலு அதும்மேல பட்டும் படாம போயிடுது.
தெரிஞ்ச காலு நின்னுடுதுண்ணா."

வட்டங்கள் காயும்வரை யாரும் பேசவில்லை.

ஞாயிறு விடியுமுன் ஏழு பேர் போனோம்.
மலட்டாற்று மணல், சிமெண்டு சாக்கில்,
டி.வி.எஸ். ஐம்பதின் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.
வாட்ச்மேன் எத்திராஜுலு கேட்டைப் பிடித்தபடி
"ஓனரு பர்மிஷன் கீதா?" என்றார்.
"யாரு ஓனரு?" என்றாள் லூர்து மேரி,
பஸ் நேரம் விசாரிக்கிற குரலில்.
அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.
பிஸ்கட் டப்பா நோட்டில்
தன் நம்பர் அறுபத்து மூன்று என்றார்.
சாவி மட்டும் தரவில்லை.
முகம் கழுவிவர அரைமணி ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.
சுவர் ஐந்தடிதான்.

ஏழு குழி மூடினோம், மணல் தீர்ந்துவிட்டது.
அடுத்த வாரம் குடியாத்தத்தோடு ஆட்டம்.
வெளிச்சம் வந்துகொண்டிருந்தது, போகலாம் என்றால்
முனவ்வர் பாய் கேட்கவில்லை.
செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு,
ஐம்பத்தெட்டு வயதில்,
மூடிய குழி ஒன்றின்மேல்
குதித்துக் குதித்துப் பார்க்கிறார்.