கறுப்புப் புள்ளிகள்

முன்பு பேட்டரி வைத்திருந்த அறைதான் இப்போது சர்வர் அறை.
சுவரில் அமிலக் கறை இன்னும் போகவில்லை.
திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு,
இரவு பதினொன்றே கால்.
வெளியே ரிக் வண்டி ஒன்றைக் கழுவுகிறார்கள்.
ஒடிசாவின் செம்மண்
நம்மூர்ச் சாக்கடையில் இறங்குகிறது.

இருநூற்றுப் பதினான்கு கணக்குகள்.
கடவுச்சொற்கள் அரைபட்ட மாவாகத்தான் கிடைத்தன.
மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாது.
எடுக்க வேண்டியதுமில்லை.
உலகத்து அரிசியையெல்லாம் ஒவ்வொரு பிடியாக அரைத்து
இதுவும் அதுவும் ஒரே மாவா என்று பார்த்தால் போதும்.
இயந்திரம் அதைத்தான் செய்கிறது,
நொடிக்குப் பல லட்சம் பிடி.

நான்கு நிமிஷத்தில் அறுபத்தொன்று விழுந்தது.
அட்மின் ஒன்று இரண்டு மூன்று.
முதலாளியின் பேர், வாலில் ஒரு அட் குறி.
முப்பத்திநாலில் தொடங்கும் வண்டி நம்பர்கள் பதினொன்று.
அர்த்தநாரி என்றே ஏழு பேர்,
மலைமேல் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று.
டேட்டாபேஸின் தலைக் கணக்குக்கோ
கடவுச்சொல்லே கிடையாது.
வெறும் என்டர்.
ஆறு வருஷமாக யாரும் அந்தக் கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை,
அல்லது பார்த்தார்கள்,
சொல்லவில்லை.

நாற்பதாவது வரியில்
கணக்கர் தெய்வசிகாமணி.
பேருக்குப் பக்கத்தில் திறந்து கிடந்தது:
கடன், அதோடு ஒட்டி
பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம்.
தினமும் ஒன்பதரைக்கு
அதை அடித்துத்தான் அவர் உள்ளே வருகிறார்.

அந்தப் பத்தியை மறைத்தேன்.
முதலிலேயே மறைத்திருக்க வேண்டும், விதி அப்படித்தான்.
அதற்குப் பின் விழுந்தவர்கள் எல்லோருக்கும்
பலவீனம் என்ற ஒரே சொல் வந்தது.
என் பழைய சோதனைக் கணக்குக்கும் வந்தது.
என் பேரையும் அறிக்கையில் சேர்த்தேன்.

இரண்டு மணிக்கு மாற்றத் தொடங்கினேன்.
நாலு பத்துக்குப் போன்.
ஜக்தல்பூருக்கு அப்பால் ஏதோ காட்டிலிருந்து
ரிக் மேனேஜர் சென்னியப்பன்:
"அக்கா, டீசல் சீட்டு வரமாட்டேங்குதுங்க.
எழுநூத்தி நாப்பது அடில நிக்கறோம்.
இப்ப நிறுத்துனா பிட்டு மாட்டிக்குமுங்க."

தேடினேன்.
வேலையை விட்டு ஓசூருக்குப் போன ஒருவர்
எப்போதோ எழுதிய நிரலில்
இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி,
பழைய கடவுச்சொல் அப்படியே,
கொடியில் காயும் துணிபோல.
பக்கத்தில் அவர் குறிப்பு: அப்புறம் மாற்றணும்.
நான்தான் அந்த அப்புறம்.

போனை வைக்காமலே வேலை செய்தேன்.
அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.
பிறகு கம்ப்ரஸரின் உறுமல்,
என் காதிலிருந்து போனை விலக்கும் அளவுக்கு.
தண்ணீர் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஒன்பதரைக்குத் தெய்வசிகாமணி வந்தார்,
சட்டைப்பையில் இரண்டு பேனா.
"ஏனுங்மா, உள்ளயே உடமாட்டேங்குது?"
"புதுசு போடோணுங்க சார். பழசு சுலபமா இருந்துச்சு."
விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன.
"நீங்க பாத்தீங்களா?"
"இல்லீங்க. மெஷினு சுலபம்னு மட்டும்தான் சொல்லும்."

அறிக்கையில்
பொய்க்கு என்று கட்டம் கிடையாது.

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம்.
"ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம
நாலு சொல்லு சேத்துப் போடுங்க சார்.
பேரு, ஊரு, தொகை எதும் வேண்டாம்."

தொகை.
வாயை விட்டுப் போய்விட்டது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
மேலே மின்விசிறி சுற்றியது.
கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து,
மறுபடி மாட்டினார்.
நாற்காலியைக் கொஞ்சம்
திரைப் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

நான் ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டேன்.
கழுவிய ரிக், வெயிலில் மஞ்சளாக,
அடுத்த ஊருக்குத் தயாராக.
பின்னால் விசைகளின் சத்தம்,
நிதானமாக, ஒவ்வொன்றாக.
எண்ணக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

இருபத்தாறு.
நீளம் போதும்.