நாற்பதடிக்குக் கீழே

கிழக்கு மொன்டானாவில் காற்றுக்கு வரி இல்லை.
மற்றதற்கெல்லாம் மாவட்டப் பதிவேட்டில்
நான்தான் மதிப்பு எழுதுகிறேன்.

ராக்ன்ஹில்ட் ட்வைட்டின் பட்டா
வாஷிங்டனிலிருந்து பிப்ரவரியில் வந்தது.
அதுவரை அது சர்க்கார் நிலம், நாங்கள் தொட முடியாது.
மறுவாரமே குதிரையைப் பூட்டினேன்.

அறுநூற்று நாற்பது ஏக்கர்.
புல் அவளுக்கு. ஆலங்கட்டியும் வெட்டுக்கிளியும் அவளுக்கு.
கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில்,
கரியும் கனிமமும் அரசுக்கு.
அரசின்மேல் வரி போட எவனால் முடியும்?
முழுச் சுமையும் புல்லின் தலையில்.

"மேல்தோலைக் கையில் கொடுத்துவிட்டு
முழு ரொட்டிக்கு விலை கேட்கிறாய்" என்றாள்.

கிணறு வெட்டினாயாமே, என்றேன்.
வெட்டிய கிணறு மேம்பாடு;
மேம்பாட்டுக்குத் தனி வரி.
"நாற்பதடி. தண்ணீர் இல்லை."
வேறென்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
சுற்றி முப்பது மைலுக்கு ஒரு மரம் கிடையாது.
உள்ளே அடுப்பு செக்கச் சிவந்திருந்தது.
வாளி விளிம்பில், அவள் நகக்கண்ணில்,
கருப்பாக
வாஷிங்டன்.

கையை நீட்டிக் குளிர்காய்ந்தேன்.
விரல் மடங்க வெகுநேரம் ஆயிற்று.
மைக்கூடு உறைந்திருந்தது;
அதை அவளே வாங்கி அடுப்போரம் வைத்தாள்.

கிணறு ஒன்று. வறண்டது. மதிப்பு இல்லை.

கரி என் இலாகா அல்ல.
புல்லுக்கு ஏக்கர் நாலு டாலர் என்று போட்டேன்.
அதில் ஒரு காசு குறைக்கவில்லை.